மில்லிகிராமார் அலையேறு படலம்

வாழி! தராசுத் தட்டுகள் தாமே நடுங்க, படிக்கற்கள் பைக்குள் பதுங்க, காய்கறிச் சந்தையும் இரும்புக்கடைத் தெருவும் ஒருங்கே மூச்சடக்க, இடக்கையில் முத்திரைப் பெட்டியும் வலக்கையில் முனைமழுங்காப் பென்சிலும் ஏந்தி வலம்வரும் எடையளவு ஆய்வாளர், குன்றிமணி குறைந்தாலும் கொதித்தெழும் வேங்கை, கூர்மீசைக் கோமான், வணிகர் அச்சத்தோடும் அவர்தம் பிள்ளைகள் நகைப்போடும் ‘மில்லிகிராம்’ என்றழைக்கும் பெருந்தகை வாழி! அவர் கடலோடு பொருத கதையைச் சொல்லப் புகுந்தோம். நாவில் உறையும் தெய்வமே, சொல் தடுமாறாமல் காத்தருள்க. சிரிப்பு வந்தால் நாங்களே அடக்கிக்கொள்கிறோம்.

முதற்கண் மீசையைப் பாடுதல் முறை, ஏனெனில் போர் மூண்டதே அதன்பொருட்டு. இருபத்தாறு ஆண்டுகளாகச் சிறுசீப்பால் வாரப்பட்டு, சிறுகத்தரியால் திருத்தப்பட்டு, ஞாயிறுதோறும் கருமை பூசப்பட்டு, இடமும் வலமும் இம்மியளவும் ஏற்றத்தாழ்வின்றி விளங்கிய மீசை அது. அளந்து பார்த்திருக்கிறார். திருமணப் படத்தில் மணமகளை விட அதுவே தெளிவாகத் தெரியும்.

அத்தகைய மீசையை ஒருவர் பணயம் வைப்பாரா? வைத்தார். மனைவியின் அண்ணன் வீட்டு விருந்தில், தொலைக்காட்சியில் எவனோ ஒருவன் நீள்பலகைமேல் நின்றபடி மலையொத்த அலையில் சறுக்கி வரக் கண்டு, மில்லிகிராமார் எள்ளி நகைத்து உரைத்தார்: “இதுல என்ன இருக்கு? தராசு மாதிரிதான். முள்ளு நடுவுல நிக்கணும், அவ்வளவுதான். நான் நிப்பேன்.”

மச்சான் புரையேறும்வரை சிரித்தார். “மாப்ள, நீங்க பஸ்ல கம்பியப் புடிச்சுக்கிட்டே விழுற ஆளு!”

அவை முழுதும் அதிர நகைத்தது. அருகிருந்த மனைவியும், வாயைப் பொத்திக்கொண்டாளே தவிர, நகைத்தாள். அதுதான் சுட்டது. இலையிலிருந்து எழுந்தார் வீரர்; கை கழுவவும் மறந்து, பருக்கை ஒட்டிய விரலை வான்நோக்கி உயர்த்தி வஞ்சினம் மொழிந்தார்: “வர்ற லீவுல கடலுக்குப் போறேன். அலைமேல நின்னு போட்டோ அனுப்பறேன். நிக்காம திரும்பி வந்தேன்னா இந்த மீசையை எடுத்துடறேன். முழுசா!”

ஒருபக்க மீசை என்று சொல்வதே உலக வழக்கு. ஆனால் ஒருபக்கம் சாயும் எதற்கும் அவர் வாய் இடந்தராது.

இனி அவர் வகுத்த வியூகம். விழுந்தால் பார்க்க ஆள் இருக்கலாகாது. ஆகவே எவரும் செல்லாத மாதத்தில், எவரும் செல்லாத தீவுக்குச் செல்லத் துணிந்தார். அந்த மாதத்தில் ஏன் எவரும் செல்வதில்லை என்று கேட்பதை மட்டும் மறந்தார். தலைகீழாய்க் கவிழ்த்த நாற்காலிகள் மேசைகள்மேல் கால்நீட்டித் தவமிருக்க, நீச்சல்குளம் தார்ப்பாய் போர்த்து உறங்க, விடுதியின் ஐம்பது அறைகளில் நாற்பத்தொன்பதின் சாவிகள் துருவேற, கொடுவெயிலும் கொசுவும் மட்டுமே குறைவின்றி வரவேற்ற அத்தீவில், மனைவியும் பெட்டியும் சூழ வந்திறங்கினார். கடற்கரையில் பலகை வாடகைக்கு விடுபவர் வலைத்தூளியில் கிடந்தார்; அவருக்குக் கீழே அவருடைய நாய் கிடந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பலகைக்காரர் சொன்னார்: “சார், இப்ப வந்திருக்கீங்களே! அலையும் லீவுல போயிருக்கு.”

மெல்லிய பலகைகளெல்லாம் வண்ணமடிக்கப் போயிருந்தன. எஞ்சியது ஒன்றே: சாப்பாட்டு மேசையின் அகலமும், வாழைமரத்தின் நீளமும், வயிற்றின் அடியில் மீன்துடுப்பு போன்ற ஒரு கட்டையும் கொண்ட நீலப்பலகை. அதைத் தலைமேல் ஏந்தி மணலில் நடந்தார் மில்லிகிராமார். காலில் அதன் கயிற்றைக் கட்டிக்கொண்டார். குடைநிழலில் அமர்ந்த மனைவிக்குப் போர்க்கள ஓவியர் பதவியளித்து, அலைபேசியை ஒப்படைத்தார். அவள் ஒரு கையில் அதையும் மறுகையில் குறுக்கெழுத்துப் புத்தகத்தையும் ஏந்தினாள்.

முதல்நாள் கடல் துடைத்துவைத்த தட்டாய்க் கிடந்தது. “வா வெளியே!” என்று ஆய்வாளர் அறைகூவினார். வரவில்லை. புறங்காட்டிய பகைவன்மேல் படையெடுத்தல் அறமன்று என்று கூறிக் கரையேறினார்.

இரண்டாம்நாள் முழங்காலளவு அலை ஒன்று எட்டிப்பார்த்தது. ஆனையைக் கண்ட அரிமாவெனச் சீறி, பலகைமேல் குப்புற வீழ்ந்து, இருகைகளாலும் நீர்பிளந்து, வலமுழந்தாள் ஊன்றி, இடப்பாதம் தூக்கி, இதோ எழுந்தார், இதோ நிமிர்ந்தார் என்று வானோர் பூமழைக்குக் கூடையைக் கையிலெடுத்த கணத்தில், மல்லாந்து விழுந்தார். மீண்டும் எழுந்தார், பக்கவாட்டில் விழுந்தார். பலகை முன்னே போக அவர் பின்னே விழுந்தார். அவர் முன்னே போகப் பலகை பின்னே வந்து பிடரியில் மோதியது. எழுவதும் விழுவதுமாய் மூன்றாம்நாள் மாலைக்குள் நாற்பத்து மூன்று முறை கடல்நீர் பருகினார். நாற்பத்து மூன்றையும் அவரே எண்ணினார்; எண்ணிக்கையில் பிழை செய்யும் வழக்கம் அவருக்கில்லை.

மார்பில் ஏற்பதே விழுப்புண், முதுகில் படுவது இழிவு என்பர் மறவர். நம் மறவருக்கோ, மூன்று நாளும் குப்புறக் கிடந்தமையால், பட்ட வெயிலெல்லாம் முதுகிலேயே பட்டது. அன்று மாலை விடுதியறையில் மனைவி அதன்மேல் தயிர் தடவினாள்.

“ஏங்க, நாளைக்கு மத்தியானம் படகு. நான் வேணா அண்ணன்கிட்ட சொல்லட்டுமா? ஒரு மீசைக்காக இப்படி உசுர விடுவாங்களா?”

“மீசை என்னோடது. பேச்சும் என்னோடது.”

அவள் விருந்தில் சிரித்ததற்காக முதன்முறையாக வருந்தினாள். தயிரை இன்னும் கொஞ்சம் மெதுவாகத் தடவினாள்.

நான்காம்நாள் புலர்ந்தது. படகேற முற்பகல் ஒன்றே எஞ்சியிருந்தது. மீசையை ஒருமுறை முறுக்கி, அதற்கும் தமக்கும் இதுவே கடைசிக் காலையாகலாம் என்றெண்ணி நெஞ்சம் இடறி, மில்லிகிராமார் களம் புகுந்தார். கடல் அன்று பின்வாங்கி வெகுதூரம் வற்றியிருந்தது. அதையும் அச்சமென்றே கொண்டார். அப்போது, மூன்று நாளாய்ச் சேமித்த மானமெல்லாம் ஒன்றுதிரண்டாற்போல், தொடையளவு அலையொன்று தூரத்தே தலைதூக்கி, நுரைப்பல் காட்டி, உறுமி வந்தது. பாய்ந்தார் பலகைமேல்! அலை தூக்கியது, பலகை பறந்தது, காது அடைத்தது, கண் எரிந்தது, கரை விரைந்து எதிரே வந்தது. முழந்தாள் ஊன்றி, பாதம் பதித்து, இடை நிமிர்த்தி, இருகையும் இரு தட்டுகளென விரித்து, முதுகெலும்பே தராசுமுள்ளாய் நடுவில் நிற்க, நின்றார்! சாயவில்லை. ஆடவில்லை. எண்ணூறு தராசுகளுக்கு முத்திரையிட்ட மேனி, தானே ஒரு முத்திரைத் தராசாய், மலையென, தூணென, அசைவற்று நின்றது.

“நின்னுட்டேன்! எடு! எடு!”

எடுத்தாள். அவர் இன்னும் நின்றார். பலகைக்காரர் தூளியில் எழுந்தமர்ந்தார். அவர் இன்னும் நின்றார். நெடுநேரம் நின்றமையால், கடலே தம்மிடம் தோற்று அடங்கியது என்று முடிவுகட்டினார்.

“ஏங்க, போதும் வாங்க, படகுக்கு நேரமாச்சு” என்று மனைவி அழைத்த பிறகே இறங்கினார். படம் அக்கணமே கடல்கடந்து பாய்ந்தது. படகில் ஏறி அமர்வதற்குள் மச்சானின் குரல் அலைபேசியில் வந்து சேர்ந்தது. “தோத்துட்டேன் மாப்ள! நீங்க நிப்பீங்கன்னு சத்தியமா நெனைக்கல. அந்த மீசைக்கு ஒரு கும்புடு!”

மனைவி அதை இரண்டு முறை போட்டுக் கேட்டாள். மில்லிகிராமார் மீசையைத் தடவினார், உப்புக் கரித்தது, கண்ணிலும் சற்றே கரித்தது. வென்ற களத்தை மீண்டும் காண விழைந்து படத்தை எடுத்தார். பார்த்தவர் சும்மா இருந்திருக்கலாம். தொழில் விடவில்லை. எந்தத் தராசையும் உருப்பெருக்கிக் கண்ணாடியின்றி ஏற்காத விரல்கள் தாமாகவே படத்தைப் பெரிதாக்கின.

பலகையின் இடப்புறம் பலகைக்காரரின் நாய் இருந்தது. நீந்தவில்லை, அமர்ந்து, பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. தண்ணீர் அதன் நகத்தைக்கூட முழுதாய் மறைக்கவில்லை. பலகையின் அடிக்கட்டை முழுதும் மணலில் புதைந்து, பலகை தரைதட்டிக் கிடந்தது.

அவர் முகம் மாறியதைக் கண்டு மனைவியும் எட்டிப் பார்த்தாள். நாயைக் கண்டாள். சிரிப்பு தொண்டைவரை வந்தது, இம்முறை விழுங்கினாள்.

“அண்ணனே ஒத்துக்கிட்டாரு. விடுங்க. இதையெல்லாம் யாரு பாக்கப் போறா?”

“நான் பாத்துட்டேனே.”

“ஒரு நூல்தானே சார்” என்று கெஞ்சிய வணிகர் எத்தனை பேர்! “நூலுன்னாலும் கொறை கொறைதான்” என்று சொல்லி அவர் முத்திரை மறுத்த தராசுகள் எத்தனை! அவை அத்தனையும் வரிசையாய் வந்து, மனைவியின் மடியிலிருந்த குறுக்கெழுத்துப் புத்தகத்தின்மேல் அமர்ந்து, அவரையே நோக்கின. எழுந்தார் கூர்மீசைக் கோமான். நடுக்கடல் அப்போதுதான் விழித்தெழுந்து, நான்கு நாளும் ஒளித்துவைத்திருந்த அலைகளையெல்லாம் ஒருசேர ஏவ, படகு ஏறி இறங்கி, இடம்புரண்டு வலம்புரண்டு, பயணிகள் இருக்கையைக் கட்டிக்கொண்டு அலற, கம்பியைத் தொடாமல், கைகளைப் பின்னே கட்டி, தம் வழக்கில் தாமே தீர்ப்பெழுதும் நீதியரசரென, நெடுந்தொலைவு நோக்கி, மில்லிகிராமார் மயிரிழையும் சாயாமல் நின்றுகொண்டே வந்தார். அலைபேசியோ ஈரம் படக்கூடாதென்று பைக்குள் போயிருந்தது.

திங்கட்கிழமை மீசை இல்லாமல் வேலைக்குப் போனார்.