பைண்டரோடு செஸ் ஆடியதால் வந்த வியாதி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. அத்தானுக்கு முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கடிதம் என் உடம்பைப் பற்றியது, நின்றுகொண்டு படிக்காதே.

எங்கள் அச்சகத்து பைண்டர், மதியம் சாப்பிட்டதும் என்னோடு செஸ் ஆடுபவர், போன மாதம் எல்லார் முன்னாலும் "எனக்கு எச்ஐவி இருக்கு, பல வருஷமா மாத்திரை சாப்பிடறேன், மறைச்சு மறைச்சு அலுத்துப்போச்சு"ன்னு சொல்லிட்டார். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு நேரே குழாயடிக்குப் போய்க் கை கழுவினேன். அன்னையிலேருந்து கழுவிக்கிட்டே இருந்தேன் அக்கா, அதுவும் தரை துடைக்கிற மருந்தால. கேன்டீன் தட்டுல அவர் சாப்பிட்டிருப்பாரோன்னு மதியம் பட்டினி. கொசு கடிச்சா வந்துடும்னு ஜன்னலையெல்லாம் சாத்தி, புழுக்கத்துல தூக்கமும் போச்சு. செஸ்ஸுக்குக் கூப்பிட்டப்போ கண்வலின்னேன். அவர் காயை அடுக்கி ரெண்டு பக்கமும் தானே ஆடிக்கிட்டார்.

கொஞ்ச நாள்ல உடம்பு இளைச்சுது, கை சிவந்து தடிச்சுது, ஒரே அசதி. அறிகுறியெல்லாம் வந்தாச்சுன்னு டாக்டரம்மாகிட்ட ஓடினேன்.

"பாதுகாப்பில்லாத உடலுறவு, அடுத்தவருக்குப் போட்ட ஊசி, பரிசோதிக்காத ரத்தம், இதுல ஏதாவது?"

"செஸ்ல அவரோட ராணியை வெட்டினேன் டாக்டர்."

அவங்க பேனாவைக் கீழே வச்சுட்டாங்க. தொட்டா, சேர்ந்து சாப்பிட்டா, கொசு கடிச்சா வராதாம். பல பேருக்கு வருஷக்கணக்கா ஒரு அறிகுறியும் இருக்காதாம். ரத்தம் பார்த்தாத்தான் தெரியுமாம். பார்த்தாங்க, எனக்கு இல்லை. கை சிவந்தது தரை மருந்தால, இளைச்சது பட்டினியால. "உங்களுக்கு வந்ததெல்லாம் உங்க முன்னெச்சரிக்கைதான்"னாங்க.

மறுநாள் பைண்டர் எதிரே போய் உட்கார்ந்தேன். "கண்வலி தேவலையா?"ன்னார். நடந்ததையெல்லாம் சொன்னேன். சிரிக்கவும் இல்லை, கோவிச்சுக்கவும் இல்லை. சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார். ஞாயித்துக்கிழமை மனைவியோட எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும்னேன். சரின்னுட்டார். ஆகவே எல்லாம் சுபம்.

அத்தானுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
இப்போது எடை கூடிவரும் உன் தம்பி

பின்குறிப்பு: சுபம்னு எழுதினதை அடிச்சுடு. பைண்டர் இப்பத்தான் வந்துட்டுப் போறார். ஞாயித்துக்கிழமை வரலையாம். ஏன்னு கேட்டேன். "சார், உங்க வீட்டுல கை நனைச்சா உங்க புத்தி எங்களுக்கும் தொத்திக்குமோன்னு என் சம்சாரம் பயப்படறா. தொத்தாதுன்னு டாக்டரம்மா சொல்லட்டும், அதுக்கடுத்த வாரமே வர்றோம்"னார். முகத்துல ஒரு சிரிப்பில்லை. நாளைக்குப் போய் டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டு வரணும்.