கிளாய்ஸ்டருக்கு மூன்றாவது பொருள்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்பதால் எல்லோரும் நலம் என்று எழுத வழியில்லை. அங்கே உங்கள் மரப்பட்டறையும், புதிதாக வாங்கிய இழைப்பு மெஷினும், அக்காவின் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

உங்கள் தங்கை பெட்டியோடு அங்கே வந்து இறங்கி இன்றோடு ஒன்பது நாள். காரணத்தை அவள் தன் பாணியில் சொல்லியிருப்பாள். நான் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

ரிட்டயர் ஆன பிறகும் அகராதி ஆபீஸ் எனக்கு வீட்டிலிருந்தே வேலை கொடுப்பது உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை வந்த சொல் கிளாய்ஸ்டர். இங்கிலீஷில் மடம் என்று அர்த்தம். லேசுப்பட்ட சொல் இல்லை மச்சான். லத்தீனில் க்ளாஸ்ட்ரம் என்றால் தாழ்ப்பாள், உங்கள் தொழில் சாமான். தாழ்ப்பாளுக்கு இருந்த பெயர் தாழ்ப்பாள் போட்ட இடத்துக்கு ஆகி, அங்கிருந்து துறவிகள் அடைந்து வாழும் மடத்துக்குப் போய், மடத்து முற்றத்தைச் சுற்றிக் கூரை போட்ட நடைபாதைக்கும் ஒட்டிக்கொண்டு, கடைசியில் ஒருவன் உலகமே வேண்டாம் என்று அறைக்குள் அடைந்து கிடந்தால் அதற்கும் வினைச்சொல்லாகிவிட்டது. இதையெல்லாம் துருவி எடுக்க எனக்கு நாற்பது நாள் ஆயிற்று. நாற்பது நாளும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தேன். சாப்பாடு கதவோரம் ஸ்டூலுக்கு வரும், காலித் தட்டு ஸ்டூலுக்குப் போகும். எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் ஆபீஸில் ஒரு விதி உண்டு. அர்த்தம் எழுதினால் மட்டும் போதாது. இங்கிலீஷ் படிக்காத ஒருவரிடம் விளக்கிச் சொல்லி, அவர் வாயில் என்ன வருகிறதோ அதை ஓர் எழுத்து மாற்றாமல் அட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். தட்டு எடுக்க வந்தவளை நிறுத்திக் கேட்டேன்: "வெளியாளுங்களோட பேச்சு கிடையாது, உள்ளேயும் யாரும் யார்கூடவும் பேசமாட்டாங்க, அவங்கவங்க அறையில அவங்கவங்க. இப்படி ஒரு இடத்துக்கு நீ என்ன பேர் சொல்லுவே?"

"நம்ம வீடு" என்றாள்.

இத்தனை வருஷத்தில் எந்தச் சொல்லுக்கும் இவ்வளவு சீக்கிரம் சான்று கிடைத்ததில்லை மச்சான். அப்படியே எழுதி அன்றைக்கே அனுப்பினேன். எங்கள் பதிப்பாசிரியர் போன் பண்ணி, "உயிருள்ள வழக்கு சார் இது!" என்று பாராட்டினார். அச்சுத் தாள் வந்ததும் பெருமையோடு அவளிடம்தான் முதலில் காட்டினேன். ஒன்று, துறவியர் மடம். இரண்டு, மடத்தின் கூரையிட்ட நடைபாதை. மூன்று, நம்ம வீடு (வாய்மொழி: இல்லத்தரசி, வயது 58).

இரண்டு தடவை படித்தாள். முகம் போன போக்கைப் பார்த்து, "வயசு தப்பா? அம்பத்தாறுன்னு திருத்திடட்டுமா?" என்று கேட்டேன். இதில் என்ன தப்பு?

"நான் அழுதுக்கிட்டே சொன்னேன். நீங்க எழுதிக்கிட்டே கேட்டீங்க" என்றாள். அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டாள்.

அதற்கப்புறம் இங்கே நடந்ததைக் கேளுங்கள். இரண்டு பாத்திரம் அடியோடு தீய்ந்தது. துணி சோப்பு எது, பாத்திர சோப்பு எது என்று தெரியாமல் சட்டையெல்லாம் எலுமிச்சை வாசனை. மழையில் கதவு ஊதி, வாசல் தாழ்ப்பாள் உள்பக்கம் இறுகிக்கொண்டது. ஜன்னல் வழியாக எதிர்வீட்டு டெய்லரைக் கூப்பிட்டால், "உள்ளேயே இருங்க சார், உங்களுக்குப் பழக்கம்தானே" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கப் போய்விட்டான். சாயங்காலம் கடையைப் பூட்டிய பிறகுதான் சுத்தியலோடு வந்தான்.

ஆகையால் மச்சான், பெரியவராக நீங்கள் நாலு வார்த்தை எடுத்துச் சொல்லி அவளை அனுப்பி வையுங்கள். மூன்றாவது பொருளை என்னால் எடுக்க முடியாது, விதி அப்படி. வயதை வேண்டுமானால் ஐம்பத்து மூன்று வரை குறைக்கிறேன்.

பட்டறை பெருகவும், அக்காவின் முழங்கால் நன்றாக மடங்கவும் வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையில் போடுமுன் வழக்கம்போல ஒருமுறை பிழை பார்த்தேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ஆனால் உங்கள் மெஷின் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. எனவே மேலே உள்ளது அத்தனையும் அடித்துவிடவும். அவளை அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன். அவள் முகம் கொடுத்துப் பேச எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. பட்டறையில் விலை போகாத நாற்காலி ஏதாவது கிடந்தால் வாசலில் எடுத்துப் போட்டு வையுங்கள்.