எழுபத்திரண்டுக்கு எழுபத்திரண்டு

இரண்டு மெஷின்களும் ஆளுக்கு எழுபத்திரண்டு மார்க் வாங்கிச் சமமாக நின்றதைப் பார்த்ததும் செல்லக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டார்.

கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர். அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு கீறல் விழுந்த குழாய்கூட வெளியே போனதில்லை. அப்பேர்ப்பட்டவர், மனைவி ரெங்கம்மாளின் நாக்கில் வந்த புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்க எந்த மெஷின் நல்லது என்று ஒரு மாதமாகத் திருச்சி முழுக்க நோட்டும் கையுமாக மார்க் போட்டுக்கொண்டு அலைகிறார்.

ஒரு மெஷின் தலையைச் சுற்றிவந்து இரண்டே நிமிஷத்தில் வேலையை முடிக்கும். இன்னொன்று உளுந்துவடை மாதிரி நடுவில் ஓட்டையோடு இருந்தது. ஆளை உள்ளே நகர்த்திக்கொண்டே போகும். இது வேகத்தில் ஜெயித்தால் அது எச்சில் சுரப்பியைக் காப்பதில் ஜெயித்தது.

"எதுல வச்சாலும் சரிங்க, நாளைத் தள்ளாதீங்க" என்றார் டாக்டர்.

"தள்ளலீங்க டாக்டர், ஒப்பிட்டுப் பாக்கறேன்."

முடிச்சை அவிழ்க்க மூன்றாவது ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த மெஷினும் எழுபத்திரண்டில் வந்து உட்கார்ந்தது. எச்சில் சுரப்பிக்கு மார்க்கை ஏற்றினார். மூன்றும் சேர்ந்து எண்பதுக்கு ஏறின. மத்தியானத் தூக்கத்தில் மூன்றும் காவிரி மணலில் மெல்லச் சுழன்றன. நடுவில் ரெங்கம்மாள் நிதானமாகக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஸ்ரீரங்கம் போயிட்டு வரேன்" என்று தினமும் காலையில் அவள் கிளம்பிவிடுவாள்.

"போயிட்டு வா. எந்த மெஷின்னு பெருமாள்கிட்டயே கேட்டுட்டு வந்துடு."

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளாகப் பேச்சே குறைந்துவிட்டது. கோபம் என்று நினைத்துக்கொண்டார். அவருக்கோ பயம். தப்பான மெஷினைத் தேர்ந்தெடுத்து அவள் போய்விட்டால், அந்தத் தப்பை நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அன்று மாலை நான்காவது ஆஸ்பத்திரி. மெஷின் அறையில் ஜென்சி என்ற பெண் வேலையை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"என் சம்சாரத்துக்கு முன்னாடி நான் படுத்துப் பாக்கணும்மா. டிரையல் பாக்காம எதையும் நான் பாஸ் பண்ணதில்ல."

"கதிர் போட மாட்டேன் சார். சும்மா சுத்திக் காட்டறேன், படுங்க" என்றாள் ஜென்சி.

படுத்தார். உட்கூரையில் வானமும் மேகமும் வரைந்திருந்தார்கள். மெஷின் தாலாட்டுகிற முனகலோடு அவரைச் சுற்றியது. பரிசலில் மல்லாந்து மிதப்பதுபோல் இருந்தது. கரையில் ரெங்கம்மாள் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. குரல் தெளிவாக, கணீரென்று இருந்தது.

ஜென்சி தட்டி எழுப்பியபோது அவர் காதோரம் ஈரமாக இருந்தது. நோட்டைப் புரட்டி மூன்று பக்கங்களையும் குறுக்கே அடித்தார்.

"பாஸ்! நாளைக்கே கூட்டிட்டு வந்துடறேன். பேர் எழுதிக்கம்மா. ரெங்கம்மாள், கைலாசபுரம்."

ஜென்சி எழுதாமல் அவரையே பார்த்தாள்.

"கைலாசபுரம் ரெங்கம்மாளா? அவங்களுக்கு இன்னிக்குக் காலையிலதான் சார் பன்னெண்டாவது நாள் கதிர் முடிஞ்சுது. வீட்டுக்காரர் இன்னும் மெஷின் பாத்துக்கிட்டிருக்காராம், அவர் பாத்து முடிக்கறதுக்குள்ள முடிச்சுடுங்கன்னு தினமும் சொல்லிட்டுப் போவாங்க!"