செல்போன் வாத்தியாரின் நாலு நிமிடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கினேன். மாதா கோயிலுக்கு வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களே என்ற பயம். மாதாவை வேண்டிக்கொண்டு எழுதிவிடுகிறேன்: எங்கள் பட்டாபிராமில் செத்த பிறகும் பாடம் நடத்திய ஒரே மனிதர் செல்போன் வாத்தியார்தான்.

எங்கள் வீட்டு முன்னறையில்தான் கணக்கு டியூஷன் எடுத்தார். துணி மாட்டும் கம்பியை வளைத்து அதில் செல்போனைச் சொருகி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக வீடியோ எடுத்து அனுப்புவார். டீ குடிக்கப் போனால், தான் பேசிய வீடியோவை ஓடவிட்டு நாற்காலியில் போனை உட்கார வைத்துவிட்டுப் போவார். "டேய், இன்னா சத்தம் அங்க?" என்று போன் அதட்டும். சரியாக அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் சத்தம் போட்டிருப்பார்கள்.

என் மகள் ஸ்டெல்லா பத்தாவதில் கணக்கில் தோற்றாள். துணைத்தேர்விலும் தோற்றால் படிப்பை நிறுத்திக் கம்பெனி வேலைக்கு அனுப்புவதாக அவள் அப்பா சொல்லிவிட்டார். வாத்தியார் அவளுக்கென்று பத்து வீடியோ அனுப்பினார். மூன்றாம் நாள் மாரடைப்பில் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் மத்தியானம், ஸ்டெல்லா அழுதுகொண்டே முதல் வீடியோவைப் போட்டாள். ஒரு கணக்கைச் சொல்லி, "போடு" என்றார். அப்புறம் பேச்சே இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். எங்களையே பார்த்தபடி நாலு நிமிடம் உட்கார்ந்திருந்தார். நான் கதவுப் பக்கம் பின்வாங்கினேன்.

அவள் பேனாவை வைத்ததும் வாயைத் திறந்தார். "நில்லு. ஃபார்முலாவுல மைனஸ் பி-ன்னு கீதே, அந்த மைனஸை முழுங்கிட்ட பாரு."

முழுங்கித்தான் இருந்தாள்.

"எம்மா! சார் பாக்குறாரும்மா!"

கிட்டே போகத் தைரியமில்லை. கதவருகில் நின்றபடியே கோயில் தீர்த்தத்தைப் போன்மேல் வீசித் தெளித்தேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மாறியது: "எம்மா, கதவாண்ட இன்னாத்துக்கு நின்னுகினு கீறீங்க? அவ பயப்படுறா. உள்ள போய் டீ போடுங்க."

போய் டீ போட்டேன். மூன்று டம்ளர்.

சாயங்காலம் அவள் அப்பா சத்தம் போட்டார். "இன்னாடி இது, செத்தவரு கிட்ட டியூஷனா?"

"உசுரோட கீற நீங்க ஒரு கணக்கு சொல்லித் தாங்களேன்" என்றேன். மனுஷன் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வாத்தியாரின் மனைவி அவருடைய நோட்டைக் கொண்டுவந்தார். பிள்ளைக்கு ஒரு பக்கம். 'ஸ்டெல்லா: மைனஸை விடுவாள். நாலு நிமிடம் ஆகும். அவசரப்படுத்தக் கூடாது. அம்மா கதவருகில் நிற்பார்.'

ஆனால் பத்தாவது வீடியோவைப் பற்றி நோட்டில் ஒன்றுமே இல்லை. அதிலும் காத்திருந்தார். ஸ்டெல்லா எழுதி முடித்ததும், "இது சரி. இனிமே நீயே போட்டுப்ப. நான் வரல" என்றார்.

ஸ்டெல்லா தேறிவிட்டாள்.

யாரிடமாவது இதைச் சொல்வதானால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். பேய் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். பெற்ற நான் உட்பட எல்லாரும் என் பிள்ளையைச் சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டினோம். அவர் ஒருவர்தான் அவளுக்காகக் காத்திருந்தார்.