சைலன்சர் சாமியின் கறுப்புக் கயிறு

காலை ஐந்தரைக்கே வரிசை எங்கள் தெருமுனையைத் தாண்டிவிடும். மனிதர்கள் வரிசை என்று நினைத்துவிடாதீர்கள், வண்டிகள் வரிசை. ஒன்று டப் டப்பென்று வெடிக்கும், ஒன்று இருமும், ஒன்று உறுமிவிட்டுச் செத்துப்போகும். ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கூட்டிவருகிற முகத்தோடு சொந்தக்காரர்கள் தள்ளிக்கொண்டு வருவார்கள். எல்லாரும் போவது எங்கள் எதிர்வீட்டு ஷெட்டுக்கு. அங்கேதான் சைலன்சர் சாமி அருள்பாலிக்கிறார். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் திறக்கிறது, நான் என்ன செய்ய?

சாமி முன்பு என்ன வேலை பார்த்தார் என்று பக்தர்கள் யாரும் கேட்டதில்லை. நான் கேட்டேன். பஞ்சர் கடை வைத்திருந்தார். அப்போது டயருக்குக் காற்றடித்தார், இப்போது ஆட்களுக்கு அடிக்கிறார்.

வண்டி வந்ததும் பெட்ரோல் டாங்கில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "யாரோ இந்த வண்டியப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்காங்க. புது சைலன்சர் மாட்டினீங்களா?"

"ஆமா சாமி! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

எப்படியா? அடுப்புப் புகைக்குழாய் அளவுக்குப் பளபளவென்று பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. தெருவே காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஞானக்கண் வேண்டுமாம்!

அப்புறம் பரிகாரம். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். சாமி குனிந்து, எஞ்சின் பக்கம் ஒரு கறுப்புக் கயிறு கட்டுவார். கண்ணைத் திறந்து உதைத்தால், வெடிச்சத்தம் போயே போச்சு! கூட்டம் புல்லரித்துப் போகும். கட்டணம்? "பணமா? கையால தொடமாட்டேன்" என்பார். வண்டியோடு வந்த பழைய சைலன்சரையும் பழைய ஏர் ஃபில்டர் பெட்டியையும் மட்டும் காணிக்கையாக வைத்துவிட வேண்டும். பழசு வீட்டில் இருந்தால் அதன் வாசனைக்கு ஆவி தேடி வருமாம்.

ஒரு மாதத்தில் வண்டி புகை கக்கும், மறுபடி நிற்கும். ஆவி திரும்பிவிட்டது! இன்னொரு கயிறு. அடுத்த தெருவில் புது சைலன்சரும் பெட்டியில்லாத திறந்த ஏர் ஃபில்டரும் விற்பவர் சாமியின் மச்சான் என்பதும், வெடிக்கிற வண்டிகளைக் "கண் பட்டிருக்கு, சாமியப் பாருங்க" என்று அனுப்புகிறவர் அவரேதான் என்பதும் ஊருக்கே தெரியும். தெரிந்தால் என்ன? யோசித்தால்தானே.

இப்படி மாட்டிக்கொண்டவள்தான் எங்கள் பக்கத்துவீட்டு நர்ஸ். வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி போடுகிறவள். வண்டி ஓடினால்தான் அவளுக்குப் பிழைப்பு. கல்யாண நாள் பரிசென்று அவள் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் சைலன்சரையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டான். சேலை வாங்கித் தந்திருந்தால் அது நடுரோட்டில் நின்றிருக்காது. மூன்று கயிறு ஆகியும் வண்டி நாற்சந்தியில் நின்றது. இன்னொரு நாள் தாமதமாகப் போனால் வேலை கிடையாதென்று அவளை நோயாளிகள் வீட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

அன்று காலை சாமி இறுதித் தீர்ப்பு வழங்கினார். "இது முரட்டு ஆவி. வண்டி மூணு மாசம் என் காலடியில கிடக்கணும்."

"மூணு மாசமா? ஏழரைக்கு எனக்கு முதல் ஊசி இருக்கு சாமி. நான் எதுல போறது?"

"நடந்து போம்மா. பாவம் கரையும்."

அவள் சாவியை நீட்டினாள். புருஷனோடு கூட வந்திருந்த அவள் நாத்தனார் அதை நடுவிலேயே பிடுங்கிக்கொண்டாள். நாத்தனார் ஜெனரேட்டர் ரிப்பேர் பார்க்கிறவள். வாயும் அதே சத்தம். இந்த இடத்தில்தான் நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியோடு ஷெட்டுக்கே போய்விட்டேன்.

"கொஞ்சம் இருங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "சாமி, ஒரு சந்தேகம். ஆவி எங்க உட்கார்ந்திருக்கு?"

"சைலன்சருக்குள்ள."

"அப்ப கயிற ஏன் பெட்ரோலும் காத்தும் கலக்குற கார்புரேட்டர் பக்கம் கட்டுறீங்க?"

"சைலன்சர் சுடுமே தாயி. கயிறு கருகிடும்."

"கயிறு கருகுற சூட்டுல ஆவி மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்குதா?"

கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். வரிசையில் அவன் வண்டி மூன்றாவது.

நாத்தனார் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினாள். சட்டி அடி மாதிரி கரி. துடைத்து மாட்டினாள். கறுப்புக் கயிற்றை அறுத்துவிட்டு உதைத்தாள். டப், டப். வெடித்தது.

"இப்ப ஒரு புதுக்கயிறு கொடுங்க. ஹேண்டில்பார்ல கட்டுறேன்." கட்டினாள். டப், டப். "என்ன சாமி, ஆவிக்கு ஹேண்டில்பார் பக்கம் காது கேக்கலையா? சரி, நீங்களே உங்க இடத்துல கட்டுங்க. ஆனா யாரும் கண்ண மூடக்கூடாது."

"கண்ணு திறந்திருந்தா சக்தி ஓடிடும்!" சாமியின் குரல் பஞ்சர் கடைக் காலத்துக்குப் போய்விட்டது.

"ஓடட்டும், பிடிச்சுக்கலாம்." நாத்தனார் தன் தலைமுடியிலிருந்த ரப்பர் பேண்டை உருவினாள். கார்புரேட்டர் ஓரத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலைப் பாதி தூக்கி, அது கீழே இறங்காதபடி ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டினாள். உதைத்தாள்.

பூனை மாதிரி ஓடியது வண்டி.

"எல்லாரும் பாத்தீங்களா? இது சோக்கு. குளிர்ல வண்டி கிளம்பலைன்னா இழுப்பீங்களே, அதேதான். இழுத்தா பெட்ரோல் கூடும். சாமி கயிறு இதப் பாதியில பிடிச்சு வெச்சிருக்கு, அவ்வளவுதான். எந்நேரமும் இப்படியே கிடந்தா ப்ளக்கு கரி பிடிச்சு வண்டி நிக்கும். நின்னா அடுத்த கயிறு!"

"அப்ப வெடிச்சது ஏன்டி?" என்றாள் நர்ஸ்.

"புது ஃபில்டர் காத்த அள்ளி உள்ள விடுது. புது சைலன்சர் புகையத் தாராளமா வெளிய தள்ளுது. பெட்ரோல் வர்ற துளை மட்டும் பழைய அளவு. பட்டினி அண்ணி, வண்டிக்குப் பட்டினி!" பையிலிருந்து நடுவில் மயிரிழைத் துளையுள்ள பித்தளைத் திருகாணிகள் மூன்றை எடுத்தாள். "இதுதான் ஜெட்டு. இதுல பெரிசு போடணும்."

"அட, ஊசி நம்பர் மாத்துற மாதிரி!" நர்ஸுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. மூன்று கயிற்றுக்கு விளங்காதது.

ரப்பர் பேண்டை அவிழ்த்து, ஒரு அளவு பெரிய ஜெட் மாட்டி, நாத்தனார் தெருக்கோடிவரை போய்வந்து ப்ளக்கைப் பார்த்தாள். "இன்னும் வெளுத்திருக்கு, பசி தீரல." அடுத்த அளவு. இந்த முறை ப்ளக் பதமாகச் சுட்ட ரொட்டி நிறம். வெடி இல்லை, இருமல் இல்லை.

இதற்கிடையில் கை துடைக்கத் துணி தேடி ஷெட்டின் பின்னறைக்குப் போன புருஷன்காரன் அங்கிருந்து கத்தினான். உள்ளே கூரைவரை பழைய சைலன்சர்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் விலைச்சீட்டு, மச்சான் கையெழுத்தில். புதுசு சரிப்படவில்லை என்று அலுத்து வருகிறவர்களுக்கு, அவர்கள் காணிக்கை வைத்ததையே அவர்களுக்கு விற்கிறார்கள்! மனைவி வண்டியின் பழைய சைலன்சரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தான். "எவ்வளவு போட்டிருக்காங்க?" என்று நான் எட்டிப் பார்த்தேன். நியாயமான விலைதான், பாவிகள்.

சாமியைத் தேடினோம். செருப்பு இருந்தது, சாமி இல்லை.

ஏழு பத்துக்கு நர்ஸ் ஊசிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நாற்சந்தியில் வண்டி நிற்கிறதா என்று தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. நிற்கவில்லை. சத்தம் தேய்ந்து தேய்ந்து மறைந்தது.

இனி கூட்டத்துக்குப் புத்தி வந்திருக்கும் என்று நானும் நம்பினேன். வரிசையில் மூன்றாவது ஆள் நாத்தனார் முன்னால் வந்து கைகூப்பினான். "அம்மா, உங்க தலையில இருந்த அந்த ரப்பர் பேண்ட என் வண்டிக்குக் கொடுத்தீங்கன்னா..." அவன் பின்னால் இன்னும் பதினொரு பேர் கூப்பிய கையோடு.

நாத்தனார் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வண்டியத் தள்ளிட்டு வாய்யா, ஜெட்டு மாத்தித் தர்றேன். ஆனா இந்தத் தடவை கும்பிடுற கைய இறக்கிட்டு, கண்ணத் திறந்து வெச்சுக்கிட்டு, பக்கத்துல நின்னு நான் என்ன பண்றேன்னு பாரு. புரியலைன்னா கேளு. கேக்குறதுக்கு எவன் காலடியிலயும் எதையும் வைக்க வேண்டியதில்ல."