பக்குவம் தெரிந்த மச்சான்

கசாயக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. வாசலில் நின்று ஒரு தும்மல் போடுங்கள், போதும், அவரே வந்துவிடுவார்.

வைத்தியர் என்று நினைத்துவிடாதீர்கள். வைத்தியம் படித்தவருக்கு நூறு சந்தேகம் வரும். இவருக்கு ஒன்றுகூட வராது.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். கட்டிய கையில் ஒரு கொத்து நொச்சி இருக்கும். புறங்கையால் நெற்றியைத் தொடுவார், கண் இமையை இழுத்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், நீட்டிய நாக்கோடு உங்களை அப்படியே விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்காரியிடம் காப்பி கேட்பார். காப்பி வந்ததும் விசாரணை.

"நேத்து என்ன சாப்பிட்ட?"

இட்லி என்று சொல்லுங்கள். "அதான்!" பழைய சோறா? "அதான்!" ஒன்றுமே சாப்பிடவில்லையா? "அடேய், அதாண்டா!"

எனக்கு வாய்த்தவர் என் வீட்டுக்காரி முருகலட்சுமியின் அண்ணன், முனியசாமி மச்சான். உப்பூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ரெண்டு தெரு தள்ளி இருக்கிறார். ரெண்டு தெரு என்பது எவ்வளவு கிட்டம் என்று இந்தப் பங்குனியில்தான் தெரிந்துகொண்டேன்.

என் மகள் சுகந்திக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. முதல் பேத்தி. உள்ளங்கை அகலத்துக்கு முகம், அதில் என் மூக்கு. (என் மூக்கு இல்லை என்கிறவர்கள் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.) தாத்தா உத்தியோகத்தில் சேர்ந்து பதினெட்டே நாள், எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஊருக்கு வரும் நர்சம்மா பார்த்துவிட்டு, "ஃப்ளூதான். காய்ச்சல் அடிச்சா மாத்திரை போடுங்க, தண்ணி நிறையக் குடிங்க, படுத்து ரெஸ்ட் எடுங்க. ஒரு வாரத்துல போயிரும்" என்றார்.

சும்மா படுத்திருந்தால் சரியாகும் என்று சொன்னால் எந்த விவசாயி நம்புவான்?

சுகந்தி கதவுக்கு உள்ளேயிருந்தே சொல்லிவிட்டாள்: "அய்யா, இருமல் சத்தம் கேக்குற வரைக்கும் பிள்ள உங்க கைக்கு வராது. முப்பதாம் நாளு தொட்டில்ல நீங்கதான் போடணும். அதுக்குள்ள தேறிக்கங்க."

எங்கள் குடும்பத்தில் தாயைப் பெற்ற தகப்பன்தான் பிள்ளையைத் தொட்டிலில் போட வேண்டும். அவனால் முடியாவிட்டால் அந்த உரிமை தாய்க்குத் தாய்மாமனுக்குப் போகும். அதாவது, முனியசாமி மச்சானுக்கு.

எனவே குடித்தேன். என்ன கொடுத்தாலும் குடித்தேன்.

என் கட்டிலைப் பின்னறையில் போட்டிருந்தார்கள். இந்த வருஷத்துக் குண்டு மிளகாய் முழுவதும் அங்கேதான் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. நடுவில் கட்டில், கட்டிலில் நான், தலைமாட்டு மூட்டைமேல் மச்சான். காலையில் ஆடாதொடை, மத்தியானம் நிலவேம்பு, சாயங்காலம் நொச்சி போட்டு ஆவி, ராத்திரி நண்டு ரசம். ஒவ்வொன்றும் "ஒரு கைப்பிடி". யார் கைப்பிடி? அது கேட்கக் கூடாது. எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும்?

"அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு."

இந்தப் பக்குவம் இருக்கிறதே, அது யார் கண்ணுக்கும் படாத வஸ்து. நோய் தீர்ந்தால் மருந்து நல்ல மருந்து. தீராவிட்டால் பக்குவம் தப்பிவிட்டது.

"ஏண்ணே, அடுப்படியே கெதின்னு கெடந்து காச்சுறேன். பக்குவம் தெரிஞ்ச நீங்களே வந்து காச்சுனா என்ன?" என்றாள் முருகலட்சுமி.

"நான் காச்சுனா மருந்து. நீ காச்சுனா வெந்நி."

"அப்ப வெந்நிக்கு எதுக்கு இம்புட்டு எல?"

மச்சானுக்குக் காது அந்த நேரத்தில் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சர்க்கரை மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, என் கசாயத்துக்கு வைத்திருந்த வெந்நீரில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, இங்கிலீஷ் மருந்து நோயை அமுக்குமே தவிர விரட்டாது என்று விளக்க ஆரம்பித்தார். அந்த மாத்திரை? "அது வேற மாப்ள."

அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டது. இருமல் விடவில்லை.

"மச்சான், இருமல் கூடுதே?"

"மருந்து வேலை செய்யுது. உள்ள இருக்கதெல்லாம் வெளிய வரணும்ல?"

மறுநாள் கிணற்றடியில் ரொம்ப நேரம் குளித்துவிட்டு வந்தேன். "இப்பக் கொறஞ்ச மாதிரி இருக்கு மச்சான்."

"மருந்து பிடிச்சிருச்சு."

படுத்தேன். மறுபடி இருமினேன். மச்சானும் மூட்டைமேல் இருந்தபடி ஏழெட்டுத் தும்மல் தும்மினார். "பாத்தியா, ஒன் சீக்கு என்னையும் பிடிச்சிருச்சு. வீட்ல போய் ஆவி பிடிக்கணும்." போனார், பிடித்தார், தும்மல் நின்றது. எனக்கும் நிற்க வேண்டியதுதானே, ஏன் நிற்கவில்லை? பக்குவம்!

சுவருக்கு அந்தப் பக்கம் பேத்தி அழுவாள். நான் இருமுவேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் இருமலைக் கேட்பாள். பத்து நாள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இவ்வளவுதான்.

இருபத்தெட்டாம் நாள் மிளகாய் பார்க்க ஆர்.எஸ்.மங்கலத்து வியாபாரி ஜாபர் சாதிக் வந்தார். பின்னறை வாசலிலேயே நின்று மூக்கில் கைக்குட்டையைக் கட்டினார். அப்புறம்தான் கட்டிலையும் என்னையும் பார்த்தார்.

"யா அல்லா! மொளகா மூடைக்குள்ளயா படுத்திருக்கீங்க?"

"காச்சல்ண்ணே. பத்து நாளாச்சு. இருமல் மட்டும் நிக்க மாட்டேங்குது."

"எப்படிண்ணே நிக்கும்? எங்க குடோன்ல மூடை தூக்குற ஆளுகளே அர மணிக்கு ஒருக்கா வெளிய போயி மூச்சு விட்டுட்டு வருவாக!"

முருகலட்சுமி என்னைப் பார்த்தாள். நான் மூட்டையைப் பார்த்தேன். நாங்கள் மிளகாயிலேயே பிறந்து மிளகாயிலேயே வளர்ந்தவர்கள். மிளகாய் நெடி எங்களுக்குக் காற்று மாதிரி. காற்றின்மேல் யார் சந்தேகப்படுவார்கள்?

கட்டில் வேப்பமரத்தடிக்குப் போனது. மறுநாள் இருமல் இல்லை. விஷயத்தை மச்சானிடம் சொன்னேன். கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னேன். அவர் அசையவில்லை.

"பத்து நாளு அந்த நெடிக்குள்ள கெடந்தும் நீ உசுரோட எந்திரிச்சு வந்திருக்க. எதனால?"

நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"கசாயம்!"

முப்பதாம் நாள் வந்தது. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கைகளை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி நின்றேன். சுகந்தி பேத்தியை என் கையில் கொடுத்தாள். என்ன கனம் தெரியுமா? ஒரு கனமுமில்லை. அவள் என்னைப் பார்த்தாள், என் மூக்கைச் சுளித்தாள், ஒரே ஒரு தும்மல் போட்டாள். குருவி தும்மினால் அப்படித்தான் இருக்கும்.

சத்தியமாகச் சொல்கிறேன், அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. என் வாய்தான் பேசியது.

"ஏத்தா சுகந்தி, ஒண்ணுமில்ல. வசம்பக் கொஞ்சம் சுட்டு, தேன்ல கொழச்சு, நாக்குல லேசாத் தடவுனா..."

"அய்யா, பிள்ளையக் குடுங்க."

"இல்லத்தா, அதுக்கு ஒரு அளவு..."

"குடுங்கய்யா!"

வாங்கிக்கொண்டாள். அதற்குள் சுற்றி நின்றவர்களும் ஆளுக்கொரு மருந்து சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அத்தனை பேரையும் ஒரு முறை பார்த்தாள். அந்த நேரத்தில் மருந்து எதுவும் சொல்லாமல் நின்றவர் ஒரே ஓர் ஆள்தான். அவர் வாய் நிறைய வெற்றிலை. என் பேத்தியைத் தொட்டிலில் போட்டது முனியசாமி மச்சான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்: நான் இருமிக்கொண்டிருந்த இடத்தைப் படித்தபோது, 'இந்த ஆள் சித்தரத்தை ஒரு துண்டை வாயில் அடக்கியிருந்தால் அன்றைக்கே நின்றிருக்குமே' என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால், பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகும்போது நீங்களும் வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டு போங்கள்.