சிதம்பரம் ரிப்பீட்டரில் யாராவது இருக்கீங்களா?

"அண்ணே, லாட்ஜ் ஓனரு ரிப்பீட்டர கழட்டிக்கச் சொல்லிட்டாரு."

சிதம்பரத்தில் ரிப்பீட்டரைப் பார்த்துக்கொள்ளும் விஜயகுமார் போனில் இதைச் சொன்னதும், சந்தியாகு கடையில் வந்து நின்றவரைக் கையமர்த்தினார்.

"ஏனாம்?"

"யாருமே பேசாத மெஷினுக்கு என் மாடில எதுக்கு எடம்னு கேக்குறாரு. கெஞ்சிக் கூத்தாடிட்டேன். ஞாயித்துக்கெழம காலைல வந்து பக்கத்துல உக்காந்து கேப்பாராம். நாலு பேரு பேசினா இருக்கட்டும், இல்லன்னா அன்னிக்கே எறக்கிடணுமாம்."

நாலு பேர்! அந்த ரிப்பீட்டரில் சந்தியாகுவுக்குத் தெரிந்து பேசுகிறவர்கள், அவரும் அவருடைய எதிரொலியும்தான்.

சந்தியாகு கடலூர் முதுநகரில் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். அது பிழைப்பு. உயிர் ஹாம் ரேடியோவில். பரீட்சை எழுதி, அரசாங்க லைசென்ஸ் வாங்கி, மாடி அறையில் வயர்லெஸ் செட் போட்டு, கம்பத்தில் ஆன்டெனா கட்டியவர். ஊருக்கு அவர் ஹாம். வீட்டுக்குள் வந்தால் வெறும் "ஆம்".

கடலூரில் ஒருத்தர் செட்டில் பேசினால், சிதம்பரத்தில் லாட்ஜ் உச்சியில் இருக்கிற பெட்டி அதை வாங்கி, தன் பலத்தில் சுற்றுவட்டாரம் முழுக்கத் திருப்பிச் சொல்லும். அதுதான் ரிப்பீட்டர். ஒருகாலத்தில் மாதா கோயில் சாயங்கால மணி அடித்ததும் அதில் சந்தைக்கடை இரைச்சல். ஹாம்காரர்கள் அதை 'நெட்' என்பார்கள். நெட்டை நடத்துகிறவர் சந்தியாகு. அப்புறம் பாதிப் பேர் வாட்சப்புக்குப் போய் ஒருத்தருக்கொருத்தர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்ப ஆரம்பித்தார்கள். சிலர் வளைகுடாவுக்குப் போனார்கள். சிலர் பரலோகத்துக்கே போய்விட்டார்கள். அங்கே சிக்னல் எப்படியோ தெரியவில்லை.

இன்றைக்கும் மணி அடித்ததும் சந்தியாகு மாடி ஏறுவார். "யாராவது இருக்கீங்களா? ஓவர்" என்பார். கர்ர்ர் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கீழே இறங்கும்போது மட்டும் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொள்வார்.

"அப்பப்பா, என்னா கூட்டம் பிரிசில்லா! ஆளாளுக்குப் பேசுறான். தொண்ட கட்டிக்கிச்சு."

பொய்தான். வேறு வழியில்லை. அவர் மனைவி பிரிசில்லா கூடத்தில் டியூஷன் எடுக்கிறாள். மாடி அறை மேல் அவளுக்கு ஒரு கண். ஆளில்லாத நெட்டுக்கு அறை எதற்கு என்று அவள் கேட்டுவிட்டால் பதில் கிடையாது. ஆகவே அவருடைய நெட் ஒரு சிதம்பர ரகசியம். திரையை விலக்கினால் வெறும் வெளி.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் லாட்ஜ் மாடியிலிருந்து ரிப்பீட்டரைக் கயிறு கட்டி இறக்குகிறார்கள். கண்ணைத் திறந்தால் பிரிசில்லா மாடி அறையில் கரும்பலகை மாட்டுகிறாள். மறுநாள் கடையில் ஒரு பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டருக்குப் பதில் தன் டீயை ஊற்றப் போனார். கடைசியில் ஒரு யோசனை வந்தது. வந்ததும் அதைப் பார்த்து அவருக்கே நடுக்கம் எடுத்தது.

"பிரிசில்லா, ஒனக்கு ஒரு வேல."

"வெங்காயம் நானே உரிச்சுக்குறேன். நீங்க நெட்டுக்குப் போங்க. கூட்டம் காத்துக்கிட்டு இருக்கும்."

"அதில்ல. ஞாயித்துக்கெழம மைக்குல நீ ரெண்டு வார்த்த பேசணும்."

"நானா? எனக்கு என்னாங்க தெரியும்?"

"நான் எழுதித் தரேன். குறிஞ்சிப்பாடி அருள்மொழின்னு சொல்லிக்க. அவுங்க மஸ்கட்டுக்குப் போயி ரொம்ப நாளாச்சு. கொரலு யாருக்கும் ஞாபகம் இருக்காது. அப்புறம் மூக்க அழுத்திக்கிட்டு ஒருவாட்டி, கரகரன்னு ஒருவாட்டி... வேற வேற ஆளா."

"லைசென்ஸ் இல்லாம, அடுத்தவங்க பேர்ல பேசுறது தப்பில்லையா?"

"தப்புதான். மெதுவா பேசு!"

"அவ்ளோ கூட்டம் வருதுன்னீங்களே, அதுல நாலு பேர பேசச் சொல்றதுதானே?"

சந்தியாகு ஒரு வெங்காயத்தை எடுத்து உருட்டினார். "அன்னிக்கு எல்லாருக்கும் கல்யாணம்."

"எல்லாருக்குமா?"

"எல்லாரும் ஒரே கல்யாணத்துக்குப் போறாங்க!"

பிரிசில்லா வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். தோள் மட்டும் ஏனோ குலுங்கியது.

"பேசுறேன். ஆனா மாடி ரூம் எனக்கு. மாதா படத்துக்கு முன்னாடி நின்னு சொல்லுங்க."

ரிப்பீட்டர் போனால் அறை தானாகவே போகும். அறை போனாலும் ரிப்பீட்டர் இருந்தால், செட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்காவது போகலாம். சந்தியாகு மாதா படத்துக்கு முன்னால் நின்று சொன்னார்.

பயிற்சி நடந்தது. பிரிசில்லா முதலில் மைக்கைத் தலைகீழாகப் பிடித்தாள். அப்புறம் சரியாகப் பிடித்து, பட்டனை விட்டுவிட்டுப் பேசினாள்.

"அழுத்திக்கிட்டுப் பேசணும். லைசென்ஸ்காரங்களுக்கு ஆளுக்கொரு அழைப்புக்குறி உண்டு. அதுல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பேரு. டபிள்யூவுக்கு விஸ்கி."

"ஓகோ. மாடில இதுதான் நடக்குதா?"

"அது வெறும் பேரும்மா! பேசி முடிச்சதும் ஓவர் சொல்லணும்."

"ஆமா, கொஞ்சம் ஓவராத்தான் இருக்கு."

சந்தியாகு தலையில் கை வைத்துக்கொண்டார். இவள் உளறிக்கொட்டப் போகிறாள். மாட்டிக்கொள்ளப் போகிறோம். டெல்லியிலிருந்து ஜீப் வரும். முதுநகர் கடைத்தெரு வழியாக, பேட்டரிக் கடைக்கு எதிரிலேயே, விலங்கு போட்டு நடத்திக்கொண்டு போவார்கள். எதிர்க்கடைக்காரன் படம் பிடித்து வாட்சப்பில் போடுவான், ரோஜாப்பூவோடு.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் அவர் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: கரண்ட் போய்விட வேண்டும். போகவில்லை. போனாலும் வீடு முழுக்க அவர் கடை இன்வெர்ட்டர்.

மாடி அறையில் செட்டைப் போட்டார்.

"கடலூர்ல இருந்து சந்தியாகு. சிதம்பரம் ரிப்பீட்டர்ல யாராவது இருக்கீங்களா? ஓவர்."

"விஜயகுமார் இருக்கேண்ணே. பக்கத்துல லாட்ஜ் ஓனர் சிற்றம்பலம் சாரும் இருக்காரு. வேற யாரு வர்றீங்க? ஓவர்."

கர்ர்ர். சந்தியாகு மைக்கைப் பிரிசில்லாவிடம் கொடுத்து, எழுதிய காகிதத்தை அவள் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

அவள் காகிதத்தை ஒதுக்கினாள். பட்டனை அழுத்தினாள். அவர் எழுதித் தராத ஒரு புது அழைப்புக்குறியை, விஸ்கியோடும் சேர்த்து, தண்ணி பட்டபாடாகச் சொன்னாள்.

"பேரு பிரிசில்லா. கடலூர் முதுநகர். எல்லாருக்கும் வணக்கம். ஓவர்."

சந்தியாகு மைக்கைப் பிடுங்கப் பாய்ந்தார். "அடிப்பாவி, பேரச் சொல்லிட்டியே! லைசென்ஸ் இல்லாம..."

"வாங்க மேடம்!" விஜயகுமார் குரல் கணீரென்று வந்தது. "லைசென்ஸ் வந்ததுக்கு வாழ்த்துக்கள். நல்ல நாளாப் பாத்துத்தான் ஏர்ல வந்திருக்கீங்க."

சந்தியாகு பாய்ந்த வாக்கிலேயே நின்றார்.

"லைசென்ஸா? ஒனக்கா? எப்ப?"

"சனிக்கெழம சனிக்கெழம தங்கச்சி வூட்டுக்குன்னு சிதம்பரம் போனேனே, விஜயகுமார் நடத்துற ஹாம் கிளாஸுக்குத்தான். அவளும்தான் படிச்சா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க கிளாஸ் எடுப்பீங்க. இருங்க, யாரோ கூப்புடுறாங்க."

கூப்பிட்டது தங்கை ஜோதி மேரி. பிரிசில்லா ஒவ்வொருத்தராக முறை வைத்துக் கூப்பிட்டாள். தங்கைக்குப் பின்னால் கிள்ளையிலிருந்து மங்கலம் என்ற நர்ஸ், அதே கிளாஸில் படித்தவள். அப்புறம் சந்தியாகுவுக்குப் பழக்கமான ஒரு குரல்: பரங்கிப்பேட்டை பாண்டியன். பாண்டியனின் குரலைக் கேட்டே எத்தனையோ காலம் ஆகிறது.

"பாண்டியன் சார்! எங்க போயிருந்தீங்க?" என்று பிரிசில்லா கேட்டாள்.

"எங்கயும் போகலம்மா. தெனமும் செட்ட போட்டுக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். உங்க வூட்டுக்காரரு மைக்க எடுத்தா ஆன்டெனா பத்திப் பேச ஆரம்பிச்சிடுவாரு. மத்தவனுக்கு எடமே குடுக்க மாட்டாரு. அதான் ஒவ்வொருத்தரா நழுவிட்டோம். நீங்க எல்லாருக்கும் மொற வச்சிக் கூப்புடுறீங்க, ஜாஸ்தி சந்தோசம். ஓவர்."

சந்தியாகு வாட்சப் மேல் எத்தனை மாலை பழி போட்டிருப்பார்!

"ஏம்மா," என்று புதுக் குரல் ஒன்று, மைக்கை வாய்க்குள் விட்டுக்கொண்டது போல அதிர்ந்தது. "நான் சிற்றம்பலம். செல்போன் இருக்குற காலத்துல இது எதுக்கும்மா?"

பிரிசில்லா பட்டனை அழுத்தினாள்.

"தானே புயலன்னிக்கு போனெல்லாம் செத்துப்போச்சு சார். சிதம்பரத்துல என் தங்கச்சிக்குப் பிரசவ வலி. இங்க நான் அழுதுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். ரெண்டு உசுரும் நல்லா இருக்குன்னு சேதி உங்க மாடி வழியாத்தான் வந்துச்சு. அடுத்த புயலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பேச ஆளு இருக்கணுமில்ல? ஓவர்."

கர்ர்ர்.

"இருக்கட்டும்மா," என்றார் சிற்றம்பலம். "பொட்டி அங்கயே இருக்கட்டும்."

சந்தியாகுவுக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்ல வேண்டும். அப்படியே அந்த லாட்ஜ் ஆன்டெனாவின் உயரத்தைப் பற்றியும் நாலு வார்த்தை. மைக்குக்குக் கை நீட்டினார்.

"ஏங்க, கீழ குக்கர் வச்சிட்டு வந்துட்டேன். மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க. போங்க, போங்க."

"அப்ப டியூஷன்... இந்த ரூம்?"

"டியூஷனுக்குக் கூடமே போதும். ரூமு என் ஸ்டேஷனுக்கு."

அவர் படியிறங்கினார். அடுப்படியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால், பேட்டரி போய்விட்டதென்று அவர் எப்போதோ தூக்கிப்போட்ட, வாக்கிடாக்கி மாதிரியான பழைய கைச்செட் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி புதுசு. அவர் கடைப் பேட்டரி. மாடியில் பேசுவதெல்லாம் அதில் தெளிவாகக் கேட்டது. அப்படியானால் அந்தக் 'கூட்டம்', அந்தக் கட்டிக்கொண்ட தொண்டை, எல்லாவற்றையும் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே...

சந்தியாகு அடுப்பு மேடையில் சாய்ந்தார். கைச்செட்டில் சிற்றம்பலத்தின் குரல் வந்தது.

"நம்ம சந்தியாகு சாரு ரெண்டு வார்த்த பேசலாமே? எங்க அவரு?"

"கீழ விசில் எண்ணிக்கிட்டு இருக்காரு சார். இப்ப அவர டிஸ்டர்ப் பண்ணக் கூடாது. ஓவர்."